படிக்கத் தெரிந்த பிறகு புத்தகத்தை வெறுக்கத் தொடங்கிய மகள்

கேள்வி
எழுதியவர்: மழைச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். சிறு குழந்தைகளுக்கு வாசிப்பில் ஆர்வத்தை ஊட்டுவது எப்படி என்று பலரும் கேட்பதுண்டு. என் கேள்வி அதிலிருந்து சற்று வேறுபட்டது. என் மகளுக்கு அந்த ஆர்வம் நிறையவே இருந்தது, இப்போது இல்லை. அதை நானே கெடுத்துவிட்டேனோ என்ற அச்சத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு ஏழு வயது ஆகிறது. இரண்டு வயது முதல் ஆறு வயது வரை ஏறத்தாழ நாள் தவறாமல் இரவில் அவளுக்குக் கதை வாசித்துக் காட்டினேன். களைப்பில் ஏதேனும் ஒரு வரியை நான் விழுங்கிவிட்டால், உடனே என் கையைப் பிடித்து நிறுத்தி, விட்டுப்போன வரியை அவளே சொல்வாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. 'இனி நீயே படிக்கலாமே' என்று புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் இரவு நேரத்தின் தன்மையே மாறிப்போனது. நாளொன்றுக்கு இரண்டு பக்கங்களை அவள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான் பக்கத்தில் அமர்ந்து பிழை திருத்துவேன்.

சில வாரங்களிலேயே முணுமுணுப்பு தொடங்கியது. அதைப் போக்குவதற்காகச் சுவரில் ஓர் அட்டவணையை ஒட்டினேன். ஒரு புத்தகத்தை முடித்தால் ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரங்கள் சேர்ந்தால் ஒரு பரிசு. முதல் வாரத்தில் நான்கு புத்தகங்களை முடித்தாள். பிறகு அலமாரியில் இருப்பவற்றுள் மிக மெல்லியவற்றை, பக்கத்துக்கு ஒரே வரி உள்ளவற்றைத் தேடி எடுக்கத் தொடங்கினாள். பரிசு கைக்கு வந்த மறுநாள் முதல் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. இப்போது நான் புத்தகத்தை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. படிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு, மெதுவாகக் கூட்டி, சொல்லி முடித்ததும் அடுத்த சொல்லைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள். சரியா தவறா என்பது என் முகத்தில்தான் எழுதியிருக்கிறது என்பதுபோல் பார்க்கிறாள். முன்பு கதை கேட்டபோது அவள் ஒருமுறைகூட என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

இதிலிருந்து மீள்வது எப்படி? அவளுக்கு நான்கு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். ஒரே பேருந்துக் கதையை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனிடமும் இதே தவற்றைச் செய்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: கரும்பலகை

சகோதரிக்கு வணக்கம். நான் தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் நடத்தி வருகிறேன். நீங்கள் விவரித்திருக்கும் மாற்றத்தை ஒவ்வோர் ஆண்டும் ஓரிரு குழந்தைகளிடமாவது காண்கிறேன். எனவே முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். இது மீட்க முடியாத இழப்பு அல்ல.

என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஓர் எளிய விளக்கத்தை முன்வைத்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கிக் கிடைப்பது என்றார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் எது மிகக் குறைவாக இருந்தாலும் விடை சிறுத்துவிடும். உங்கள் மகளின் காது ஏழு வயதுக்குரிய, ஏன் ஒன்பது வயதுக்குரிய கதையைக்கூடப் பின்தொடரக்கூடியது. நான்கு ஆண்டுகள் நீங்கள் வாசித்ததன் பலன் அது. அவளுடைய கண்ணோ இப்போதுதான் எழுத்துகளோடு பழகத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் வாசிப்பதை நிறுத்திய நாளில், காடும் கடலும் அரக்கனும் நிறைந்த நீண்ட கதைகளிலிருந்து, 'மாடு புல் மேய்ந்தது' என்ற அளவுக்கு அவளுடைய கதையுலகம் ஒரே இரவில் சுருங்கிவிட்டது. படிக்கக் கற்றுக்கொண்டதற்குக் கிடைத்த விளைவு இதுதான் என்றால், எந்தக் குழந்தைக்கும் அது தண்டனையாகத்தான் தோன்றும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: இன்று இரவே மீண்டும் வாசித்துக் காட்டத் தொடங்குங்கள். அவளைப் படிக்கச் சொல்லாதீர்கள், கேள்வியும் கேட்காதீர்கள். அவளால் தானே படிக்க முடியாத அளவுக்கு நீளமான, சற்றுக் கடினமான கதையைத் தேர்ந்தெடுங்கள். காது கண்ணைவிட முன்னே ஓடும் நிலை பல ஆண்டுகள் நீடிக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு நடுநிலைப் பள்ளி வயதில்தான் இரண்டும் ஒரே நிலைக்கு வருகின்றன. அதுவரை வாசித்துக் காட்டுவதை நிறுத்தக் காரணமே இல்லை.

தமிழில் படிக்கக் கற்கும் குழந்தைக்குக் கூடுதலாகச் சில தடைகள் உள்ளன. நமக்குப் பழகிப்போனதால் அவை நம் கண்ணில் படுவதில்லை. 247 எழுத்துகள் என்பது பெரிய தடை அல்ல. குறியீடுகளின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் குழந்தைகள் அதை விரைவாகவே கடந்துவிடுகிறார்கள். 'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு; ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது ககர ஒலி. 'கொ' என்றால் உயிர்க்குறி இரு பக்கமும் நிற்கிறது. 'பம்பரம்' என்ற சொல்லில் இரு பகரங்களும் ஒரே வடிவம், ஒலியோ வெவ்வேறு. இரண்டாவது பகரத்தையும் வல்லொலியாகவே படிக்கும் குழந்தை எழுத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. அந்த இடத்தில் நாம் முகத்தைச் சுளித்தால், தான் செய்த தவறு என்னவென்றே அதற்குப் புரியாது.

இதைவிடப் பெரிய தடை, பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் உள்ள தொலைவு. வீட்டில் 'ஓடிக்கிட்டு இருந்தான்' என்று கேட்டு வளரும் குழந்தை, புத்தகத்தில் 'ஓடிக்கொண்டிருந்தான்' என்ற பத்தெழுத்துச் சொல்லைச் சந்திக்கிறது. அந்தச் சொல் காதில் முன்பே விழுந்திருந்தால், பாதி கூட்டியதுமே மீதி தானாக வாய்க்கு வந்துவிடும். விழுந்திருக்காவிட்டால் பத்து எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். அதனால்தான் வாசித்துக் காட்டும்போது அச்சில் உள்ளபடியே வாசிக்கச் சொல்கிறேன். எளிமைக்காக முழுவதையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வது அன்பினால் செய்வதுதான் என்றாலும், நூல்மொழியோடு காது பழகும் வாய்ப்பை அது பறித்துவிடுகிறது. வரியை அப்படியே வாசியுங்கள். புரியாமல் விழித்தால் பிறகு பேச்சில் விளக்குங்கள்.

எழுத்துக்கூட்டும் பயிற்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். பேச்சைப்போல் வாசிப்பு தானாக வருவதில்லை. மனிதர்கள் எழுதத் தொடங்கி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன, அதற்கென்று தனி உறுப்பு எதுவும் மூளையில் பிறவியிலேயே அமைந்துவிடவில்லை. ஆனால் பயிற்சியையும் கதை நேரத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பயிற்சி பகலில் பத்து நிமிடம் போதும், இரவு மடியில் அமரும் நேரம் கதைக்கு மட்டுமே. பயிற்சிக்கு எடுக்கும் பக்கத்தில் இருபது சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் அவள் தடுமாறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம்; வேறொன்றை எடுங்கள். அவளைத் தனியாகப் படிக்க விடாமல், இருவரும் ஒரே குரலில் சேர்ந்து படியுங்கள். தானே படிக்க விரும்பும்போது அவள் உங்கள் கையைத் தட்டட்டும்; நீங்கள் உடனே குரலை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொல்லில் தடுக்கினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் வரவில்லையென்றால் அந்தச் சொல்லை இயல்பாகச் சொல்லிவிட்டு மீண்டும் சேர்ந்துகொண்டு மேலே செல்லுங்கள். 'தவறு' என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை.

இன்னொன்று, சிறியதாயினும் பயனுள்ளது: அவளுக்கு எதிரே அமராதீர்கள். பக்கவாட்டில், உங்கள் முகம் அவள் பார்வையில் படாதபடி அமருங்கள். இருவர் கண்களும் ஒரே பக்கத்தைப் பார்க்கட்டும்.

மறுமொழி 2
எழுதியவர்: நூலக அலமாரி

நான் ஒரு பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆசிரியர் எழுதியவற்றை முழுமையாக ஏற்கிறேன். நட்சத்திர அட்டவணையைப் பற்றியும் இளையவனைப் பற்றியும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

அட்டவணையை இன்றே கழற்றிவிடுங்கள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் ஒரு மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வு உங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே ஒத்திருக்கிறது. வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க நிற நட்சத்திரம் பதித்த ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத ஓய்வு நேரத்தில் பேனாக்களை மேசைமேல் வைத்துக் கவனித்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரத்தையே வரைவதில் செலவிட்டார்கள். விருப்பத்தோடு செய்துகொண்டிருந்த ஒன்று கூலிக்குச் செய்யும் வேலையாக மாறிவிட்டது. உங்கள் மகள் மெல்லிய புத்தகங்களைத் தேடியதும் அதனால்தான். கூலி ஒன்றே என்றால் எடை குறைந்த மூட்டையைத்தான் யாரும் தூக்குவார்கள். அதில் அவள் குற்றம் ஏதும் இல்லை.

அடுத்து, புத்தகத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் பிரிவுக்கு வரும் பெற்றோரில் பலர், குழந்தை ஆசையோடு எடுத்துவரும் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, 'இதில் என்ன இருக்கிறது, வெறும் படம்தானே' என்று திருப்பி வைத்துவிட்டு வேறொன்றைத் திணிப்பதைக் காண்கிறேன். அந்த நொடியில் குழந்தையின் கை தளர்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். சித்திரக்கதைகளைத் தாழ்வாக எண்ண வேண்டாம். டொனால்ட் ஹேய்ஸ், மார்கரெட் ஆரன்ஸ் ஆகியோர் 1988-இல் ஆங்கில நூல்களையும் உரையாடல்களையும் ஒப்பிட்டு, ஆயிரம் சொற்களில் எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று கணக்கெடுத்தார்கள். கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் நண்பர்களோடு பேசும் பேச்சில் ஏறத்தாழ 17. குழந்தைகளுக்கான நூல்களில் ஏறத்தாழ 31. சித்திரக்கதைகளிலோ 50-ஐயும் தாண்டியது. படித்த பெற்றோர் நாள் முழுவதும் பேசினாலும் தர முடியாத சொற்களை ஒரு புத்தகம் தந்துவிடுகிறது என்பதைத்தான் நான் எல்லோரிடமும் எடுத்துச் சொல்கிறேன். விலங்குகள், கோள்கள், இயந்திரங்கள் பற்றிய தகவல் நூல்களும் அப்படியே. கதையே பிடிக்காத குழந்தைகள் உண்டு. பல்லி எப்படி வாலை விடுகிறது என்று சொல்லும் பக்கத்தை விட்டு அகலாத குழந்தைகளும் உண்டு.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடும் உரிமையையும் அவளுக்குக் கொடுங்கள். நாம் பெரியவர்கள் அப்படித்தானே செய்கிறோம்?

இனி உங்கள் மகனின் பேருந்துக் கதை. அதை மாற்ற முயலாதீர்கள். ஜெசிகா ஹார்ஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சில குழந்தைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகளை வாசித்தார்கள். புதிய சொற்கள் இரு தரப்பாருக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. ஆனால் ஒரே கதையைக் கேட்டவர்களே அச்சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்த பிறகுதான், முதல்முறை கவனிக்காமல் விட்டதைக் கவனிக்கக் குழந்தைக்கு மனத்தில் இடம் கிடைக்கிறது. அவனை நிறைய பேச விடுங்கள். குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கும்போது இடையிடையே குழந்தையைச் சொல்ல வைத்து, அது சொன்னதைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்லும் முறையைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அக்குழந்தைகளின் பேச்சுத்திறன், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தது. அவன் 'பஸ்' என்று சொன்னால், 'ஆமாம், சிவப்புப் பேருந்து மேட்டில் ஏற முடியாமல் திணறுகிறது' என்று நீங்கள் விரித்துச் சொல்லலாம். வினாத்தாள்போல் கேள்விகளை அடுக்க வேண்டாம். பக்கத்துக்கு ஒன்று போதும், சில பக்கங்களில் ஒன்றுமே வேண்டாம்.

மறுமொழி 3
எழுதியவர்: மூத்த வாசகன்

எல்லோரும் சொல்வதைப் படித்தேன். எனக்குப் பேரக் குழந்தைகள் உள்ளனர். எதையும் குழந்தையின் விருப்பத்துக்கே விட்டுவிட வேண்டும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பல் துலக்குவதைக் குழந்தையின் விருப்பத்துக்கு விடுகிறோமா? நாள்தோறும் குறித்த நேரத்தில் அமர்ந்து படிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு எங்கள் தந்தையார் வைத்தது. அப்போது கசந்தது உண்மை. ஆனால் இன்று வரை நான் படித்துக்கொண்டிருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடே காரணம். கொஞ்சம் கண்டிப்பு இருந்தால்தான் பழக்கம் வேரூன்றும் என்பது என் அனுபவம்.

மறுமொழி 4
எழுதியவர்: கரும்பலகை

ஐயா, உங்கள் கருத்தின் ஒரு பாதியை நான் மனமார ஏற்கிறேன். நேரம் கட்டாயமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். விளக்கை அணைப்பதற்கு முந்தைய இருபது நிமிடம் புத்தகத்துக்கு உரியது, அந்த நேரத்தில் திரைகள் எதுவும் அறையில் இருக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு விதியை வைத்தால், அந்த விதி பெரியவர்களுக்கும் பொருந்துமானால், குழந்தைகள் அதை எதிர்ப்பதில்லை என்பதே நான் கண்டது.

ஆனால் நேரத்தை வகுப்பது வேறு, அந்த நேரத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்று அளந்து வைப்பது வேறு. இத்தனை பக்கம், இத்தனை பிழைக்குள், இந்தப் புத்தகம்தான் என்று சொல்லும்போது குழந்தைக்கென்று அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. உங்கள் தந்தையாரும் அந்த நேரத்தில் தாமும் ஒரு நூலோடு அமர்ந்திருந்தாரா என்று கேட்க எனக்கு ஆவலாக இருக்கிறது. என் வகுப்பில் படிக்கும் பழக்கம் பற்றிக்கொண்ட பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருக்கிறார்; அவர் யாரையும் படிக்கச் சொல்வதில்லை, தாம் படிக்கிறார், அவ்வளவுதான்.

மறுமொழி 5
எழுதியவர்: மூத்த வாசகன்

அமர்ந்திருந்தார். அவர் வாசித்து முடிக்கும் வரை யாரும் அவரிடம் பேச மாட்டோம். நான் கண்டிப்பை மட்டுமே நினைவில் வைத்திருந்தேன். நீங்கள் கேட்ட பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது.

மறுமொழி 6
எழுதியவர்: இரண்டாம் வரி

மேலே உள்ளவர்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் மாற்றம் தெரியாமல் தவித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று உங்கள் மகள் சொல்வதை நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

என் மகன் எட்டு வயது வரை படிக்க மறுத்தான். சோம்பல் என்று பள்ளியில் சொன்னார்கள். நானும் நம்பினேன், கடிந்துகொண்டேன். பிறகு ஒரு நாள் அவன் படிப்பதைப் பக்கத்தில் அமர்ந்து உற்றுக் கவனித்தேன். முதல் வரியின் கடைசிச் சொல்லை முடித்ததும் அவன் விரல் இரண்டாம் வரிக்குப் போகாமல் மூன்றாம் வரியில் இறங்கியது. முந்தைய வரியில் சரியாகப் படித்த அதே சொல்லை, மூன்று வரி தள்ளி, முன்பின் அறியாததுபோல் முதலிலிருந்து கூட்டினான். கண் மருத்துவர் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்தார். வரி தவறுவது நின்றது, ஆனால் கூட்டிப் படிப்பதில் இருந்த சிரமம் நீங்கவில்லை. அதன் பின்னர் கற்றல் குறைபாட்டுக்கான வல்லுநரிடம் காட்டியபோதுதான் அவனுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருப்பது தெரியவந்தது. அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவது என்று அவர் விளக்கினார். என் சகோதரர் பள்ளியில் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எழுத்துகளைத் திருப்பி எழுதுவது மட்டும் ஏழு வயது வரை பல குழந்தைகளிடம் இயல்பாகக் காணப்படுவதுதான். அதை வைத்து அஞ்ச வேண்டியதில்லை. கதையைக் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்ளும் குழந்தை, மாதக்கணக்கில் முறையாகக் கற்றுக்கொடுத்த பிறகும் எளிய சொற்களைக்கூட மிகுந்த உழைப்போடு கூட்டினால், ஒரு சொல்லை ஒலிகளாகப் பிரித்துச் சொல்வதற்குத் திணறினால், காத்திருக்காமல் வல்லுநரிடம் காட்டுங்கள். கண்ணோடு காதையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. என் மகனுக்கு இப்போது பதினொரு வயது. ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே அச்சு நூலில் விரலை ஓட்டிச் செல்கிறான். அதுவும் வாசிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவனைக் கடிந்துகொண்ட அந்த இரண்டு ஆண்டுகளுக்காக மட்டும் இன்னும் வருந்துகிறேன்.

மறுமொழி 7
எழுதியவர்: மழைச்சாரல்

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். செய்து பார்க்காமல் எழுத விரும்பவில்லை.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்தோம். இரண்டும் நன்றாகவே உள்ளன. எழுத்துக்கூட்டுவதில் அவளுக்கு உள்ள வேகம் அவள் வயதுக்கு இயல்பானதே என்று வகுப்பாசிரியரும் சொன்னார். ஆறு மாதங்கள் கழித்தும் இதே நிலை நீடித்தால் வல்லுநரிடம் காட்டுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

அட்டவணையைக் கழற்றிய அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் நான் ஒரு நீண்ட கதையை எடுத்து இளையவனுக்கு வாசிப்பதுபோல் தொடங்கினேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் நான் வேண்டுமென்றே செய்யாத ஒரு பிழை நடந்தது: களைப்பில் ஒரு வரியை விட்டுவிட்டேன். திரும்பாமலேயே, 'அவன் கதவைத் தட்டினானா இல்லையா?' என்று கேட்டாள். மறுநாள் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து படுத்தாள்.

அச்சில் உள்ளபடியே வாசிப்பது எனக்குத்தான் முதலில் செயற்கையாக இருந்தது. சில நாள்களில் காது பழகிவிட்டது. இளையவன் விளையாடும்போது, பொம்மை வண்டியை மேசைமேல் ஏற்றிக்கொண்டே, 'பேருந்து திணறிக்கொண்டிருந்தது' என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அவன் வாயில் அந்தச் சொல் முழுதாக வருவதைக் கேட்டு நின்றுவிட்டேன்.

பகல் பயிற்சி இன்னும் எளிதாகிவிடவில்லை. சில நாள்களில் மூன்றாம் நிமிடத்திலேயே போதும் என்கிறாள்; நானும் மூடிவைத்துவிடுகிறேன். சேர்ந்து படிக்கும்போது என் கையைத் தட்டவே மாட்டாள் என்றுதான் எண்ணியிருந்தேன். சென்ற வாரம் முதன்முறையாகத் தட்டினாள். ஒன்றரை வரி படித்தாள், ஒரு சொல்லில் நின்றாள். நான் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டப் போனேன். அவள் என் கையைத் தடுத்து, கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்காமல், 'இரு, நான் இன்னும் படத்தைப் பார்த்து முடிக்கல' என்றாள்.